நல்வரவு எழுதிய பந்தயக் கார்

எங்கள் காரின் பின்னிருக்கையை என் கணவர் கழற்றிய அன்று, அதன்மேல் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும் டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு போய், முற்றத்து வேப்பமரத்தடியில் நிற்கும் காரில் ஏறி, இரண்டு கதவுகளையும் திறந்துபோட்டு உட்கார்ந்துகொள்வது அத்தையின் வழக்கம். வீட்டுக்குள் இருக்கிற வெக்கைக்கு அதுதான் மருந்து என்பார். என் கணவர் ஸ்பேனருடன் வந்து, ஐந்து நிமிடம் எழுந்திருக்கச் சொன்னார்.

"ஏலே, நான் எந்திரிக்க மாட்டேன். வேணும்னா என்னையும் சேத்துக் கழட்டிக்கோ."

தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை அவர். அதை அனுமதியாக எடுத்துக்கொண்டு, குனிந்து நான்கு போல்ட்டுகளையும் கழற்றினார். கடைசி போல்ட் கையோடு வந்ததும் இருக்கை ஒரு முழம் முன்னால் சறுக்கி, அத்தையின் முழங்கால்கள் முன்சீட்டின் முதுகில் போய் முட்டின. ரேடியோவில் யாரோ கத்தரிச் செடிக்கு வரும் பூச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது முடியும்வரை அத்தை அப்படியே இருந்து கேட்டார். பிறகு இறங்கி வந்து, இனி அந்த இருக்கை தனக்கு என்று அறிவித்தார். அன்று மாலையே அது வீட்டு முன்கூடமான பட்டாசலில் இரண்டு சிமெண்ட் கல்லின்மேல் ஏறிவிட்டது.

இது எண்பதுகளின் தொடக்கத்தில், தென்காசியில். என் கணவர் பத்திர எழுத்தர். கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் புஞ்சை என்று ஊரார் நிலத்துக்கெல்லாம் நான்கெல்லை எழுதுவது அவர் தொழில். எதையும் எழுதி வைத்தால்தான் அது நடந்ததாக அவருக்கு நம்பிக்கை வரும். நான் இலஞ்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாக இருந்தன.

கார் செங்கோட்டையில் ஒரு டாக்டர் வைத்திருந்தது. அவர் கொல்லத்துக்கே குடிபோனபோது மலிவாக எங்களுக்குத் தள்ளிவிட்டுப் போனார். பழைய இங்கிலாந்து மோஸ்தர், இரண்டே கதவு. முன்மூடியைத் தூக்கினால் முதலை வாயைப் பிளந்ததுபோல முகம் மொத்தமும் மேலே வரும். அந்தக் காரின் விசேஷம், உடம்பு முழுக்க நட்டும் போல்ட்டுமாகச் சேர்த்திருந்தது. ஒரு ஸ்பேனரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் எதையும் தனியாக எடுத்துவிடலாம். கூரையைக்கூட. இது தெரியாமலே இருந்திருந்தால் நாங்கள் சாதாரணமாக வாழ்ந்திருப்போம்.

தெரிய வைத்தவர் ஒரு கோயம்புத்தூர்க்காரர். அந்த ஆனி மாதச் சீசனில் நாங்கள் குற்றாலத்துப் பழைய அருவியில் குளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். காரில் நான், அவர், அத்தை, அத்தையின் இரண்டு தங்கைகள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மூன்று பேர், இரண்டு பலாப்பழம். கூரைமேல் கட்டியிருந்த கம்பித்தட்டில் ஈரத்துணி மூட்டையும் ஒரு கூடை மாம்பழமும். வழியில் ஒரு சிவப்புக் கார் முகத்தைத் திறந்துகொண்டு நின்றது. ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. அதன் சொந்தக்காரரை ஒன்பதாவது ஆளாக ஏற்றிக்கொண்டு தென்காசிக்கு வந்தோம். மடியில் ஒரு பலாப்பழத்தை வைத்துக்கொண்டு, முட்டியைத் தாடைக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார் பாவம். சின்ன ஏற்றம் வந்தாலும் எங்கள் கார் முனகியது.

அவர் நூல் மில்லுக்கு உதிரிபாகம் செய்கிறவர் என்றும், கார்ப் பந்தயத்தில் பைத்தியம் என்றும் அந்த வழியிலேயே சொன்னார். கயத்தாறு பக்கம் யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடக்கிறதாம். வருஷத்துக்கு ஒருமுறை, மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரும் நண்பர்களும் அங்கே கூடி, கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் காரை விரட்டிப் பார்ப்பார்களாம். இறங்கும்போது மரியாதைக்கு எங்கள் காரைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"நல்ல வண்டிங்க. எடைய மட்டும் கொறைங்க, தானாப் பறக்கும்."

என் கணவர் அன்று ராத்திரி சாப்பிடும்போது அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மறுநாள் ஒரு புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் 'மேற்படி வாகனத்தினின்று நீக்கப்படும் பொருள்களின் விவரம்' என்று பத்திரக் கையெழுத்தில் எழுதினார். மாசி மாதம் நாமும் கயத்தாறுக்குப் போகிறோம் என்று எனக்குத் தெரிவிக்கப்பட்டது. நாற்பது மைலுக்குமேல் அவர் அந்தக் காரை ஓட்டி நான் பார்த்ததில்லை. சைக்கிள் மணி கேட்டாலே ஒதுங்கி வழிவிடுகிறவர்.

பின்னிருக்கைக்குப் பிறகு தரைவிரிப்பு, சாம்பல் கிண்ணம், ஸ்டெப்னி சக்கரம், கதவின் உள்தகடு, கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி, அப்புறம் கண்ணாடிகளே போயின. ஆடி முடிவதற்குள் கூரையும் இறங்கியது. அதைக் கவிழ்த்துப் போட்டு அத்தை கோழிகளை அடைத்தார். இரண்டு மூன்று பொருள் கழன்றதும் அவர் காரை அரிசி மில்லுக்கு ஓட்டிக்கொண்டு போய், லாரி நிறுக்கும் எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பார். சாம்பல் கிண்ணத்தைக் கழற்றியதற்கும் போனார். எடைமேடைக்காரர் பொறுமைசாலி. முள் அசையவில்லை என்று காட்டிவிட்டு, "அண்ணாச்சி, இதுக்கு நெல்லு லோடுதான் தெரியும். சாம்பக் கிண்ணமெல்லாம் தெரியாது," என்றாராம். அன்றைக்கு நோட்டில், 'குறைவு உண்டு. ஆனால் கருவிக்குப் புலப்படவில்லை' என்று எழுதியிருந்தது.

கூரை இல்லாத காரில் குற்றாலத்துக்குப் போகக்கூடாது என்பதை ஆவணியில் தெரிந்துகொண்டோம். சாரல் நின்றிருந்த ஒரு காலையில் நாங்கள் இருவர் மட்டும் ஐந்தருவிக்குப் போனோம். குளித்துவிட்டு வந்தால் காருக்குள் ஆறு குரங்குகள். ஒன்று ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, ஸ்டியரிங்கின் மேல் கை வைத்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. வடைப் பொட்டலம் போனதில் எனக்கு வருத்தமில்லை. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை ஒரு குட்டி எடுத்துக்கொண்டு நாவல் மரத்தில் ஏறிவிட்டது. ஊரெல்லாம் ஆவணங்களைப் பத்திரமாக வைக்கச் சொல்லும் மனிதர், இடுப்பில் ஈரத்துண்டோடு மரத்தடியில் நின்று, ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் காட்டி அதனிடம் மன்றாடினார். எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்கள் நாலு பேர் தொழிலை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். குட்டி பழத்தையும் வாங்கிக்கொண்டது. புத்தகம் மூன்று துண்டாக, ஒவ்வொன்றாக, கீழே வந்தது. நான் பள்ளிக்கூடத்து நூலைக் கொண்டு அதைத் தைத்துக் கொடுத்தேன்.

கூரை போனபின் கார் ஆட ஆரம்பித்தது. மேடு பள்ளத்தில் இரண்டு கதவுகளும் தானாகத் திறந்து மூடின. கவிழ்ந்தால் தலைக்கு என்ன காவல் என்று கோயம்புத்தூருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். இரும்புக் குழாயில் ஒரு கூண்டு செய்து உள்ளே பற்றவைத்துக்கொள்ளுங்கள் என்று படம் போட்டுப் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜன்னல் கிரில் பட்டறைக்குப் போனார். அந்த அண்ணாச்சி முப்பது வருஷமாக ஜன்னலும் கேட்டும் செய்கிறவர். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பத்து நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார்.

பதினோராம் நாள் நானும் கூடப் போனேன். கூண்டு பலமாகத்தான் இருந்தது. நான்கு மூலையிலும் ஒவ்வொரு தாமரை. பக்கவாட்டில் கொடி ஓடியது. பின்பக்கம் முழு அகலத்துக்கு, வளைவெழுத்தில், 'நல்வரவு' என்று இருந்தது. குழாய் போதவில்லையாம். யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன வீட்டுக் கேட்டின் மேல்பாதி பட்டறையில் கிடந்ததாம். சரியான அளவாக அமைந்துவிட்டதில் அண்ணாச்சிக்குத் தாங்கமுடியாத மகிழ்ச்சி.

என் கணவர் தாமரைகளின் எடையைப் பற்றிக் கேட்டார்.

"வெறுங் கம்பியா விட்டா பாக்க நல்லாவா இருக்கும்? ஜெயிலு மாதிரில்லா இருக்கும்," என்றார் அண்ணாச்சி. வெகுநேரம் பேசி, மூன்று தாமரைகளை அறுத்தெடுக்கச் சம்மதித்தார். ஓட்டுகிறவர் தலைக்கு நேர்மேலே இருந்த நான்காவதை அவர் விடவில்லை. 'நல்வரவு' கூண்டோடு சேர்ந்துவிட்டதால் அதை அறுத்தால் பலம் போய்விடும் என்றார். நோட்டில் அது 'நீக்க இயலாதது' என்ற தலைப்பின்கீழ் முதல் வரியாகச் சேர்ந்தது.

கழற்ற எதுவும் மிஞ்சவில்லை. ஓட்டுநர் பக்கத்து இருக்கையையும் எடுத்தாயிற்று. ஹாரன் போயிற்று. முன்கண்ணாடியைத் துடைக்கும் இரண்டு கைகளில் ஒன்று போயிற்று. கார்த்திகையில் ஒருநாள் மொட்டை வண்டியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், மெதுவாகத் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். அவர் எண்பத்தெட்டு கிலோ.

அன்றிலிருந்து இட்லி இரண்டாகக் குறைந்தது. ராத்திரிப் பரோட்டா நின்றது. காலையில் ஆய்க்குடி ரோட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். எதிரே வருகிறவர்கள் யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறிக் கேட்டதால் இரண்டு நாளில் அதை நிறுத்திவிட்டார். எடைமேடை நெல்லுக்குத்தான் என்று ஆகிவிட்டதால், தென்காசி ரயில் நிலையத்தில் காசு போட்டால் சீட்டு தரும் எடை இயந்திரத்துக்குப் போனோம். மூன்று வாரப் பட்டினிக்குப் பிறகு எண்பத்தேழரை என்று சீட்டு வந்தது. அதன் பின்பக்கம், 'உங்களுக்கு நண்பர்களால் நன்மை உண்டு' என்று அச்சிட்டிருந்தது. அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். ரயில் வருவதற்கு நேரம் இருந்தது, யாரையும் ஏற்றிவிடவும் நாங்கள் வரவில்லை. எனக்கு வேறு வேலை இல்லாததால் நானும் ஏறி நின்றேன். நாற்பத்துநாலு.

சீட்டை அவரிடம் காட்டினேன். பதினோரு வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

"ஏட்டி, நீ நாப்பத்திநாலா?" என்றார்.

நான் முடியாது என்றேன். ஒரு வாரம் முடியாது என்றே சொன்னேன். எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. தென்காசியில் கார் ஓட்டும் பெண் என்று அப்போது நான் கேள்விப்பட்டது ஒரே ஒரு லேடி டாக்டரை மட்டும்தான். அவரும் வெளியூர். அத்தை மட்டும் எனக்காகப் பேசுவார் என்று நினைத்தேன். பட்டாசலில் கார் இருக்கையில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டவர், "அவ தையல் மிஷின மிதிக்கா. இத மிதிக்க மாட்டாளா?" என்று கேட்டு வழக்கை முடித்தார்.

அவர் சொன்னது சரியாகவே இருந்தது. கிளட்ச் என்கிற விஷயம் மிதி மிஷினில் மெல்லிய துணி தைக்கிற மாதிரிதான். வெடுக்கென்று விட்டால் நூல் அறும், நிதானமாக விட்டால் துணி தானாக நகரும். இரண்டாம் நாளே கார் குதிக்காமல் கிளம்பியது. அடுத்த மாதம் பயிற்சிப் பள்ளிக் கார் ஒன்றில் சோதனை கொடுத்து லைசென்ஸும் வாங்கினேன். எங்கள் காரைக் கொண்டுபோயிருந்தால் சோதிக்க வந்தவர் எங்கே உட்காருவார்?

இலஞ்சி வயல்களுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையில் தினமும் மாலை பழகினேன். ஆரம்பத்தில் அவர் என் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். திருப்பங்களில் வாளியும் அவரும் மறுபக்கம் போய்விடுவார்கள். அதோடு, தான் ஏறினால் எடைக் கணக்கு கெடுகிறது என்று தோன்றியதால், இறங்கிச் சைக்கிளில் பின்னால் வர ஆரம்பித்தார். நான் வேகம் எடுக்க எடுக்க, "கியர் மாத்து, கியர் மாத்து" என்கிற குரல் சின்னதாகிக்கொண்டே போகும். அறுப்பு முடிந்த வயல்களில் மலையாளத்து ஆட்கள் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தார்கள். என் கார்ச் சத்தம் கேட்டால் ஆயிரம் வாத்துகளும் ஒரே சமயத்தில் தலையைத் திருப்பும். நாலைந்து நாளில் அவை பழகிவிட்டன. என் மாணவிகள்தான் பழகவில்லை. வாய்க்கால் கரையில் வரிசையாக நின்று சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு மாலையில் அந்தக் குரலும் கேட்கவில்லை, சைக்கிளும் தெரியவில்லை. பாதை நேராக இருந்தது. நான் மிதித்தேன். காற்று கண்ணில் நீரை வரவழைத்தது. அப்போது எனக்குள் வந்த ஒரு சிரிப்பு எங்கே இருந்து வந்ததென்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தபின் அதைப் பற்றி நான் சொல்லவில்லை. இனிமேல் முடியாது என்றும் சொல்லவில்லை.

சேலை கியரில் சிக்கியது. அதனால் பள்ளிச் சீருடைக்கு வாங்கி மிஞ்சிய காக்கித் துணியில், கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே தையலாக ஓர் உடுப்பு தைத்துக்கொண்டேன். அத்தை அதைச் சுற்றிவந்து பார்த்து, பாக்கெட் வைத்தது நல்லது என்றார்.

மாசி மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே கிளம்பினோம். நான் ஓட்ட, அவர் வாளியில். ஆலங்குளத்தில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். காக்கி உடுப்பில் என்னைப் பார்த்ததும் முதலில் சல்யூட் அடிக்கக் கை பாதி எழுந்தது. பிறகு வண்டியைச் சுற்றி வந்தார். தாமரையைப் பார்த்தார். பின்னால் போய் 'நல்வரவு' என்பதை வாய்விட்டுப் படித்தார். என் கணவர் நோட்டை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து விளக்கத் தயாரானார்.

"கல்யாண வண்டியா?" என்று கேட்டார் போலீஸ்காரர்.

என் கணவர் பொய் சொல்லிப் பழகாதவர். எனவே பேசாமல் இருந்தார். பூ எல்லாம் அங்கே போய்க் கட்டுவீர்களா என்று கேட்டுவிட்டு, முகூர்த்தத்துக்கு நேரமாகிவிடும், போங்கள் என்று அனுப்பினார்.

கயத்தாறு ஓடுதளத்தில் எங்களுடையதோடு சேர்த்து ஏழு கார்கள் நின்றன. கோயம்புத்தூர்க்காரர் வந்து கைகூப்பிவிட்டு, எங்கள் காரை ஒருமுறை வலம்வந்தார். இரண்டாவது முறை மெதுவாக வந்தார். எல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டார். என் கணவர் நோட்டைக் கொடுத்தார். மூன்று பக்கம் படித்துவிட்டு, மிகவும் தயங்கி அவர் சொன்னார்:

"நான் அன்னிக்குச் சொன்னது, அந்தப் பலாப்பழத்தை இறக்கி வைங்கன்னுதானுங்க."

என் கணவர் நோட்டை வாங்கி மூடி, பரவாயில்லை, அதையும் இறக்கியாயிற்று என்றார். அந்தப் பதிலுக்காக எனக்கு அவரை அன்று மிகவும் பிடித்திருந்தது.

ஒவ்வொரு காராக ஓட வேண்டும். ஓடுதளத்தின் மறுகோடியில் ஒரு தார் பீப்பாய். அதைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும், இரண்டு தடவை. அந்தக் கோடியில் ஊர்க்காரர்கள் மிளகாய் வற்றல் காயப்போட்டிருந்தார்கள். தாரின்மேல் சிவப்புப் பாய் விரித்ததுபோல அரை பர்லாங்குக்குக் கிடந்தது. வண்டிகளுக்கு ஒரு பக்கம் மட்டும் ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு முன்னால் ஓடிய ஆறு பேரும் ஆண்கள், எல்லாரும் மிளகாயை விட்டு விலகித் திரும்பினார்கள். ஆறாவது கார் முடித்ததும், யாரோ ஒரு ஸ்கூட்டர் தலைக்கவசத்தை என் தலையில் வைத்து, அது கழன்று போகாமலிருக்க உள்ளே ஒரு துண்டைத் திணித்தார்கள். என் கணவர் ஏதோ சொல்ல வந்தார். துண்டு காதை அடைத்திருந்ததால் எனக்குக் கேட்கவில்லை.

கொடி இறங்கியது, கிளம்பினேன். வயல்பாதையில் தெரியாத ஒன்று அங்கே தெரிந்தது. கார் நிஜமாகவே லேசாகிவிட்டிருந்தது. மூன்றாவது கியரில் அது என் முதுகைத் தள்ளியது. பீப்பாய் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்தது. திருப்பினேன். முன்சக்கரங்கள் திரும்பின, பின்சக்கரங்கள் தங்களுக்கு வேறு வேலை இருப்பதுபோல வழுக்கிக்கொண்டு போய், மிளகாயின் விளிம்பில் ஏறின.

செந்தூள் எழுந்தது. பக்கக் கண்ணாடியும் கூரையும் இல்லாத காருக்குள் அது நேராக வந்தது. மூக்கிலும் கண்ணிலும் தீ வைத்தமாதிரி இருந்தது. பிரேக்கை மிதித்திருக்க வேண்டும். நின்றால் அந்தத் தூளுக்குள்ளேயே நிற்க வேண்டுமே என்று மிதிக்கவில்லை. அழுதுகொண்டும் தும்மிக்கொண்டும் முதல் சுற்றை முடித்தேன். அங்கே நின்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். கார் தன்னோடு கொண்டுவந்த மிளகாய்த்தூளை அவர்கள்மேல் இறைத்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. கடிகாரம் பிடித்திருந்தவர் இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கியிருக்கிறார். அவர் கையிலும் தூள். இரண்டாவது தடவை பீப்பாயைச் சரியாகச் சுற்றினேன், ஒரு மிளகாயும் நசுங்கவில்லை. அதைப் பார்க்க அங்கே கண் திறந்திருந்தவர் ஒருவரும் இல்லை.

மிளகாய்க்குச் சொந்தக்காரி ஒரு நடுவயது அம்மாள், கூட்டுகிற வாரியலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். கோடீஸ்வரர்கள் மாதிரி நின்றிருந்த அத்தனை ஆண்களையும் விட்டுவிட்டு என்னிடம்தான் நியாயம் கேட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன், எவ்வளவு ஆயிற்றோ கொடுத்துவிடுவதாக என் கணவர் சொன்னார். காசு வேண்டாம், சிதறியதைக் கூட்டி, கல் பொறுக்கி, முன்பு இருந்தமாதிரியே பரப்பிக் கொடுத்தால் போதும் என்றாள். அப்புறம் நடந்ததை யாரும் நம்பமாட்டார்கள். தோல் கையுறையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்த பெரிய மனிதர்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, மதியம்வரை மிளகாய் பொறுக்கினார்கள். கையுறை இருந்தது நல்லதாகப் போயிற்று. என் கணவர் நசுங்கியதைத் தனியாகவும் நசுங்காததைத் தனியாகவும் பிரித்தார்.

எல்லாம் முடிந்ததும் அந்த அம்மாள் என் காரைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"தாயி, என்னைய ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டாள்.

வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்காரவைத்தேன். கூண்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மெதுவாகத்தான் கிளம்பினேன். பாதி தூரம் போனதும், "இம்புட்டுத்தானா இதோட ஓட்டம்?" என்றாள். நான் கியரை மாற்றினேன். அவள் முந்தானை பின்னால் பறந்து 'நல்வரவு' எழுத்துகளில் சுற்றிக்கொண்டது. பீப்பாயைத் திரும்பியபோது வாளி நகர்ந்தது, அவள் நகரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து நின்றபடி, இன்னும் போ, இன்னும் போ என்றாள். இறங்குவதற்கு முன் அவள் முந்தானையை அந்த எழுத்துகளிலிருந்து இருவருமாகப் பிரித்தெடுத்தோம்.

என் ஓட்டத்துக்கு நேரம் எழுத முடியவில்லை என்று கோயம்புத்தூர்க்காரர் வருந்தினார். இன்னொருமுறை ஓடச் சொன்னார். கிளப்பிப் பார்த்தால் ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்து ஆவி வந்தது. அதுவும் காரமாக இருந்தது. என் கணவர் நோட்டில் என் பெயரை எழுதி, எதிரே, 'ஓடியது உண்மை. காலம் அறியக்கூடவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாட்சியாக இரண்டு பேரிடம் கையெழுத்தும் வாங்கினார்.

அதன்பிறகு அவருக்குப் பந்தயம் பேச்சே இல்லாமல் போயிற்று. வருத்தமா என்று கேட்டேன். வேலை முடிந்துவிட்டது என்றார். பத்திரம் பதிவானதும் அடுத்த பத்திரத்துக்குப் போகிற மாதிரிதான். அவருடைய அடுத்த பைத்தியம் கிணற்று மோட்டார். காரில் ஓர் இருக்கை மட்டும் இருந்ததால் அதில் ஒருவர்தான் போக முடியும், அந்த ஒருவருக்கு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். எனவே, யாரும் முடிவு செய்யாமலே, அது என் காராயிற்று. நான் ஒரு படுதாவைத் தைத்து, கூண்டின்மேல் போட்டுக் கட்டி, தினமும் இலஞ்சிக்கு அதில் போய்வந்தேன். அவர் பஸ்ஸில் போனார். மழைக்காலம் வரும்வரை வெயில் ஏறினால் காருக்குள் தும்மல் வரும்.

அடுத்த ஆனியில் ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூடம் அரைநாள்தான். திரும்பும்போது சாரல் தூறிக்கொண்டிருந்தது. தென்காசிக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் நான் திருப்பவில்லை. செங்கோட்டையைத் தாண்டி, புளியரை வரை போய்விட்டேன். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்திப் படுதாவை அவிழ்த்துச் சுருட்டி வைத்தேன். மலையேறும் வளைவு தொடங்குமிடத்தில் ஒரு டீக்கடை. நனைந்த காக்கி உடுப்போடு இறங்கினேன். கடைக்காரர் என்னையும் காரையும் மாறிமாறிப் பார்த்தார். பெஞ்சில் இருந்த பெரியவர் மலைமேல் ஆரியங்காவு வரை வரலாமா என்று கேட்டார்.

"இதுல ஒரு ஆளுதான் போகலாம், அண்ணாச்சி," என்றேன்.

அப்படியா என்று அவர் திரும்பி மழையைப் பார்க்க ஆரம்பித்தார். நான் ஒரு டீ சொல்லிவிட்டு, மேலே போவதா, வீட்டுக்குத் திரும்புவதா என்று யோசித்துக்கொண்டு, அது வரும்வரை நின்றேன். டீ வந்தது. குடித்துவிட்டு மேலே போனேன்.